குழாய்க்காரரின் தாய்மொழி

ஆங்கிலம் கற்பித்தலில் பன்மைத்துவத்தை ஆராய்வதற்கென்று எங்கள் ஊரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. நான்கு மாடி, ஒரு லிஃப்ட், வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. 'சரியான ஆங்கிலம் என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லா ஆங்கிலமும் சரிதான்' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அந்த ஆங்கிலம் சரியில்லை என்று இயக்குநர் மூன்று தடவை பெயிண்டரைத் திருப்பி அனுப்பினார்.

ஆராய்ச்சி என்றால் அதற்கு ஒரு போக்கு வேண்டும். முதல் மாடி நடையில் ஒரு கரும்பலகையை மாட்டி, இப்போதைய போக்கு என்னவென்று அதில் எழுதிவைப்பார்கள். வெளியே கிளம்புமுன் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல, ஊழியர்கள் காலையில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். 'பிழை என்பதே கிடையாது' என்று ஒரு பருவம் ஓடியது. பிறகு 'பிழை உண்டு, ஆனால் அதைக் கவனிப்பதுதான் பெரிய பிழை' என்று மாறியது. 'மௌனமும் ஒரு மொழியே' என்ற பருவத்தில் வகுப்பில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நிறுவனத்தின் வரலாற்றிலேயே அதிகக் கட்டுரைகள் வந்தது அந்தப் பருவத்தில்தான்.

கட்டுரை எழுதுவதற்குப் படிக்கிற ஆட்கள் வேண்டுமே? அதற்காகத் தரைத்தளத்தில் பெரியவர்களுக்கு ஒரு மாலை வகுப்பு நடத்தினார்கள். இலவசம்தான். படிக்க வருகிறவர்கள் தங்களை ஆராயச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தையல்காரர், ஒரு நர்ஸ், லாரி ஓட்டும் அண்ணன் தம்பி, ஒரு பேக்கரிக்காரம்மா என்று ஒரு சிறு கூட்டம் வந்தது. அதில் ஒருவர் நம் குழாய்க்காரர்.

குழாய்க்காரருக்கு ஆங்கிலத்தின் மேல் தனிப்பட்ட பிரியம் எதுவும் இல்லை. அவருக்கு இருந்தது முட்டி வலி. ஊரில் உள்ள சிங்குகளுக்கெல்லாம் அடியில் புகுந்து புகுந்து இரண்டு முட்டிகளும் தேய்ந்துபோயிருந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் வேலைகளுக்கு ஒரு சூப்பர்வைசர் வேலை காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டார். சூப்பர்வைசர் குனிய வேண்டாம். நின்றபடி விரலை நீட்டினால் போதும், வேறு யாராவது குனிவார்கள். ஆனால் அங்கே டாக்டர்களும் இன்ஜினியர்களும் பல தேசத்து ஆட்கள் என்பதால், நேர்காணலில் ஆங்கிலம் பேசிக் காட்ட வேண்டும்.

"மிச்சக் காலத்த நின்னுக்கிட்டே ஓட்டிரணும் டீச்சர். வேற ஆசையே இல்ல எனக்கு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"அதுக்கென்னண்ணே, நேர்காணலுக்குள்ள நல்லாவே பேச வச்சுடறேன்" என்றார் டீச்சர். அந்த நிறுவனத்துக்கு அவர் புதிது.

அந்தச் சமயத்தில் கரும்பலகையில் புதுப் போக்கு ஏறியது: 'ஒரே வகுப்பறை, பல தாய்மொழிகள்.' மாணவர்களின் வீட்டு மொழிகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு, அவற்றின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போக வேண்டும் என்பது கருத்து. கருத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல கருத்து. இந்தக் கட்டடத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டது அதன் தலையெழுத்து.

ஆய்வு உதவியாளராக இருந்த பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வகுப்புக்கு வந்தாள். ஒவ்வொருவரிடமும் போய், "உங்க வீட்ல என்ன மொழி பேசுவீங்க?" என்று கேட்டாள்.

"இதாம்மா. இப்ப பேசறோமே, இது" என்றார் தையல்காரர்.

நர்ஸும் இதுதான் என்றாள். லாரி அண்ணனும் இதுதான் என்றார். தம்பி, அண்ணன் என்ன பேசுகிறாரோ அதுதான் என்றார். பேக்கரிக்காரம்மா, தான் வீட்டில் பேசுவதே இல்லை, தன் மாமியார்தான் பேசுவார், ஆனால் அதுவும் இதுதான் என்றார். கடைசி பெஞ்சுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

"பல மொழி ஆராய்ச்சி சார் இது. ஒரே ஒரு மொழிதான் கெடச்சுதுன்னு போய் நின்னா, டைரக்டர் என்னை வீட்டுக்கு அனுப்பிருவாரு" என்றாள் குழாய்க்காரரிடம்.

குழாய்க்காரரை அதுவரை யாரும் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. போதாக்குறைக்கு அவருக்கு இளகிய மனசு. அழுகிற பிள்ளையைப் பார்த்தால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிற ஆள். அப்போது கையில் ஒன்றும் இல்லாததால், "எங்க வீட்ல வேற பேசுவோம்மா" என்று சொல்லிவிட்டார்.

"என்ன மொழி சார்?"

அன்று காலை முழுக்க ஒரு மாடி வீட்டுக் குழாயில் காதை வைத்துக்கொண்டிருந்தார். காற்று அடைத்துக்கொண்டு உள்ளே களுக் களுக் என்றது இன்னும் காதிலேயே இருந்தது. "களுக்கி" என்றார்.

"களுக்கி! ஒரு வாக்கியம் சொல்லுங்க சார், ப்ளீஸ்."

"தப்பிலி கொஸ்ட்டு மேனா."

"அப்படின்னா?"

"தண்ணி வருதுன்னு அர்த்தம்."

"தண்ணி வரலைன்னா எப்படிச் சொல்வீங்க?"

இவ்வளவு தூரம் போகும் என்று குழாய்க்காரர் நினைக்கவில்லை. இன்னொரு வாக்கியத்துக்கு அவரிடம் சரக்கு இல்லை. "அதேதாம்மா. மூஞ்சிய மட்டும் வேற மாதிரி வச்சுக்கணும்" என்று சொல்லி, வைத்தும் காட்டினார். அந்தப் பெண் அதைப் படம் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

அடுத்த வாரமே கரும்பலகையைத் துடைத்து, 'முகத்தால் மறுக்கும் மொழிகள்' என்று எழுதிவிட்டார்கள். நடையெங்கும் குழாய்க்காரரின் முகம் இரண்டு இரண்டாக ஒட்டப்பட்டது. இடது பக்கம் தண்ணீர் வருகிற முகம், வலது பக்கம் வராத முகம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று காவலாளி சொன்னார். நுட்பம் அங்கேதான் இருக்கிறது என்று அவருக்கு விளக்கினார்கள்.

இயக்குநர் முதன்முறையாகத் தரைத்தளத்துக்கு இறங்கி வந்தார். வகுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே நுழைந்து பேசினார்.

"நம்ம நிறுவனத்துல எல்லா மொழியும் சமம். அதுல களுக்கிக்குத்தான் முதலிடம். இங்க யாரும் யாரையும் திருத்தக் கூடாது. மீறித் திருத்தறவங்களை நான் திருத்துவேன். பன்மைத்துவம்னா என்னன்னு வெளியில ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டுத் திரியறாங்க. இந்தக் கட்டடத்துக்குள்ள அதை அனுமதிக்க முடியாது."

எல்லோரும் கைதட்டினார்கள். குழாய்க்காரர் மட்டும் எழுந்து நின்றார். 

"சார், மன்னிக்கணும். அப்படி ஒரு மொழியே இல்ல சார். அந்தப் பொண்ணு அழுதுச்சேன்னு சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

இயக்குநர் மெதுவாக நடந்து வந்து குழாய்க்காரரின் தோளில் கை வைத்தார். அவர் குரல் தழுதழுத்தது.

"பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் மொழி வெட்கம். தன் தாய்மொழியே இல்லைன்னு ஒரு மனுஷன் சபையில எழுந்து சொல்றான்னா, அவன் எவ்வளவு அவமானப்பட்டிருப்பான்! குறிச்சுக்கோங்கம்மா."

ஆய்வு உதவியாளர் குறித்துக்கொண்டாள். அதிலிருந்து இரண்டு கட்டுரைகள் வந்தன. குழாய்க்காரர் எத்தனை தடவை மறுக்கிறாரோ, அத்தனைக்கு அத்தனை ஆதாரம் வலுவாகிறது என்றார்கள். அவர் அதோடு மறுப்பதை விட்டுவிட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் விட்டார்களா என்ன, முகத்தைப் படம் பிடித்தார்கள்.

இதில் அடி வாங்கியது ஆங்கிலம்தான். தாய்மொழி நெஞ்சில் மலர்ந்த பிறகே ஆங்கிலத்தை ஊற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. குழாய்க்காரர் எழுந்து, "ஐ கோ ஆஸ்பிட்டல் எஸ்டர்டே" என்றார். பின் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆய்வாளர்கள் புல்லரித்துப் போனார்கள்.

"தப்பா டீச்சர்?" என்றார் குழாய்க்காரர்.

டீச்சர் பின் பெஞ்சைப் பார்த்தார். "இல்லண்ணே. அது உங்க அடையாளம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம், நடையில் ஒட்டியிருந்த வலது பக்கப் படத்தைப் போலவே இருந்தது.

"அடையாளமெல்லாம் இருக்கட்டும் டீச்சர். ஆஸ்பத்திரில இதைச் சொன்னா வேலை குடுப்பானா?"

அந்தக் கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்ல டீச்சருக்கு அனுமதி இல்லை. அதனால் இடைவேளையில் மாடிப்படிக்குப் பின்னால், தண்ணீர் மோட்டார் அறைக்குள், இருவரும் திருட்டுத்தனமாக ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தார்கள். ஆங்கிலம் கற்பிக்கும் நிறுவனத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் பாவம் அவர் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. மோட்டார் ஓடுகிற சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது. டீச்சர் கத்திச் சொல்வார், குழாய்க்காரர் கத்தித் திருப்பிச் சொல்வார். "ப்ளீஸ் க்ளோஸ் த மெயின் வால்வ், சார்!" "த வாஷர் இஸ் வோர்ன் அவுட், சார்!" யாராவது வரும் காலடி தெரிந்தால், டீச்சர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோட்டாரைப் பார்க்க வந்தவர்போல நிற்பார். நாளாக நாளாகக் குழாய்க்காரருக்கு நாக்குத் திரும்பியது. தப்பு செய்தால் டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். அப்படி ஒருவர் தலையில் அடித்துக்கொள்வது அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

இதற்கிடையில், களுக்கி வீட்டில் எப்படிப் புழங்குகிறது என்று பார்க்க ஆய்வுக் குழு கிளம்பிவிட்டது. குழாய்க்காரர் முந்திக்கொண்டு ஓடிப்போய்த் தன் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ஏங்க, நம்ம வீட்டு பாஷை எனக்கே தெரியாம எப்பங்க வந்துச்சு?"

"கோவிச்சுக்காதம்மா. ஒரே ஒரு வரிதான். தப்பிலி கொஸ்ட்டு மேனா. என்ன கேட்டாலும் இதையே சொல்லு. மூஞ்சிய மட்டும் மாத்திக்க."

"மூஞ்சிய மாத்தறதா? அதுக்கு நீங்க சொல்லித் தரணுமாக்கும்."

குழு வந்தது. கேமராவை நடு வீட்டில் நிறுத்தினார்கள். இயல்பாகப் பேசுங்கள், நாங்கள் இருப்பதையே மறந்துவிடுங்கள் என்று ஏழு பேர் சுற்றி நின்று கேட்டுக்கொண்டார்கள். குழாய்க்காரர் உளறிக் கொட்டாமல் ஒரு தடவை சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் மனைவி அடுப்படி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் பின்னால், அவர்கள் வீட்டு சிங்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஊர் வீட்டுக் குழாய்களையெல்லாம் சரிசெய்கிறவர் வீட்டில் அது எத்தனையோ காலமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது.

"தப்பிலி கொஸ்ட்டு மேனா" என்றாள் அவள், குழாயைக் காட்டி. பிறகு அவரைக் காட்டி அதையே இன்னொரு தடவை சொன்னாள். குரலை உயர்த்தினாள், தாழ்த்தினாள், 'கொஸ்ட்டு'வில் ஒரு அழுத்தம் கொடுத்தாள். கல்யாணமானதிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் அந்த ஒரே வரிக்குள் அடைத்து அவர் தலையில் கொட்டினாள். கடைசியில் 'மேனா' என்று பெருமூச்சு விட்டு உட்கார்ந்தபோது, ஆய்வாளர்களில் இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் குழாய்க்காரருக்குப் புரிந்தது என்பதுதான் இதில் அதிசயம்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்து ஒரு வல்லுநர் வந்தார். அழியும் மொழிகளில் அவர் பெரிய கை. களுக்கியைத் தான் நெடுங்காலமாக ஆராய்ந்து வருவதாகவும், அதன் வேறொரு கிளைமொழியைச் சரளமாகப் பேசுவதாகவும் சொன்னார். குழாய்க்காரரைக் கண்டதும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, புருவத்தை ஏற்றி இறக்கி, "கொப்பிலி மேஸ்ட்டு தானா, தப்பிலி முஸ்க்கு" என்று நீளமாகப் பேசிக்கொண்டே போனார்.

குழாய்க்காரருக்கு வியர்த்துவிட்டது. ஒருவேளை அப்படி ஒரு மொழி நிஜமாகவே இருக்கிறதோ? நாம்தான் மறந்துவிட்டோமோ? டீச்சரிடம் மோட்டார் அறையில் போய்க் கேட்டார்.

"எங்க அப்பா ஒருவேளை பேசியிருப்பாரோ டீச்சர்?"

"அண்ணே, நீங்க மொதல்ல வாஷரைச் சொல்லுங்க. நாளன்னிக்கு நேர்காணல்" என்றார் டீச்சர். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நேர்காணல் அன்று குழாய்க்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. எதைக் கேட்டாலும் சொல்வேன் என்று நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனவர், மேஜையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஆஸ்பத்திரி நிர்வாகி நடுவில் இருந்தார். ஒரு பக்கம் வெளிநாட்டு இன்ஜினியர். மறு பக்கம் களுக்கி வல்லுநர்.

நிர்வாகி எழுந்து நின்று வரவேற்றார். "உங்களைப் பத்தி இயக்குநர் நெறைய சொன்னார். ஆங்கிலத்தைத் திணிக்கறது எவ்வளவு பெரிய அநியாயம்னு எங்களுக்கு இப்பத்தான் உறைச்சிருக்கு. எங்க கொள்கையையே மாத்திட்டோம். உங்க நேர்காணல் முழுக்க உங்க தாய்மொழியிலயே நடக்கும்."

"சார், எனக்கு இங்கிலீஷ் வரும் சார்! ஐ கேன் ஸ்பீக்…"

"வேண்டாம், வேண்டாம்" என்று நிர்வாகி கைகூப்பினார். "எங்களுக்காக நீங்க ஒண்ணும் கஷ்டப்பட வேணாம்."

வல்லுநர் புருவத்தை ஏற்றி முதல் கேள்வியைக் கேட்டார். அது என்னவென்று கடவுளுக்கும் தெரிந்திருக்காது. குழாய்க்காரர் இரண்டு தடவை ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இரண்டு தடவையும் அன்போடு தடுத்துவிட்டார்கள். வேறு வழி இல்லாமல், "தப்பிலி கொஸ்ட்டு மேனா" என்றார். முட்டி வலித்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

வல்லுநர் அவர் முகத்தை உற்றுப் பார்த்து மொழிபெயர்த்தார். "இந்த வேலை தனக்குத் தெரியாதுங்கறார்."

அடுத்த கேள்வி. அதே வரி. முகம் முன்னைவிட மோசமாக இருந்தது.

"தெரிஞ்சாலும் செய்ய மாட்டாராம்."

மூன்றாவது கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. "ஆஸ்பத்திரியே தேவையில்லைன்னு நினைக்கிறார்" என்றார் வல்லுநர். நிர்வாகி வருத்தத்தோடு இன்ஜினியரைப் பார்த்தார். பிறகு, முடிவு சாதகமாக இல்லை என்றும், அதைக் குழாய்க்காரர் மனம் நோகாமல் அவருடைய மொழியிலேயே தெரிவிக்கும்படியும் வல்லுநரைக் கேட்டுக்கொண்டார். வல்லுநர், "தப்பிலி கொஸ்ட்டு மேனா" என்று வலது பக்க முகத்தை வைத்தார்.

குழாய்க்காரர் வெளியே வந்து நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது உள்ளே தடதடவென்று ஒரு சத்தம். அந்த அறையோடு ஒட்டிய கழிவறையில் வாஷ்பேசின் குழாய் பிய்த்துக்கொண்டு, தண்ணீர் மேஜைக்கு அடியில் ஓடி வந்தது. நிர்வாகி நாற்காலி மேல் ஏறி நின்றார். வல்லுநர் தன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். களுக்கியில் இருக்கிற ஒரே வரி தேவைப்பட்ட அந்த நேரத்தில் அவருக்கு அது வாயில் வரவில்லை.

குழாய்க்காரரின் கால்கள் பழக்கதோஷத்தில் உள்ளே ஓடின. வலிக்க வலிக்க முட்டி போட்டு பேசினுக்கு அடியில் புகுந்தார். இன்ஜினியரும் ஓடி வந்து பக்கத்தில் குனிந்தார்.

"ப்ளீஸ் க்ளோஸ் த மெயின் வால்வ், சார்!" என்று அடியிலிருந்து குரல் வந்தது, மோட்டார் ஓடும்போது கத்துகிற அதே குரல்.

இன்ஜினியர் வால்வை மூடிவிட்டு வந்து, என்ன பிரச்சினை என்று ஆங்கிலத்தில் கேட்டார். வாஷர் தேய்ந்துவிட்டது, இணைப்பும் துருப்பிடித்திருக்கிறது, எல்லா மாடியிலும் இதே கதையாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றாக மாற்றிவிடுவது நல்லது என்று குழாய்க்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். எத்தனை நாளாகும் என்று இன்ஜினியர் கேட்க, குழாய்க்காரர் சொல்ல, அவர் சிரிக்க, இவரும் சிரிக்க, பேச்சு வெகுநேரம் போனது. ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. டீச்சர் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொள்ள ஒரு வாய்ப்பும் கிடைத்திருக்காது.

நிர்வாகி நாற்காலியிலிருந்து இறங்கி, பேசினுக்கு அடியில் தெரிந்த இரண்டு கால்களையும் பரிவோடு பார்த்தார்.

"எவ்வளவு அருமையா இங்கிலீஷ் பேசறார் பாருங்க" என்றார் வல்லுநரிடம். "பாவம், தாய்மொழிதான் வரல."

ஈரச் சட்டையோடு வீடு திரும்பியவரை அவர் மனைவி வாசலில் நிறுத்தி முகத்தைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்தாள்.

"எதுலங்க போச்சு? இங்கிலீஷ்லயா?"

"இல்லம்மா. நம்ம பாஷைல."

அவள் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள்.

"நான் போயிருந்தா பாஸ் ஆயிருப்பேன்" என்றாள்.

அதில் சந்தேகமே இல்லை.